நெட் ரேடியோவுக்கு எந்த பிளேயர்? விஎல்சி, ரிதம்பாக்ஸ், ஃபூபார், இன்னும் சில

பிரவுசரில் ஒரு டேப் திறந்து வானொலி கேட்பது ஒன்றும் தப்பில்லை. ஒரே நிலையம், ஒரு மணி நேரம், அவ்வளவுதான் தேவை என்றால் அந்த டேப்பே போதும், மேற்கொண்டு படிக்க வேண்டியதில்லை. ஆனால் காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதிலிருந்து ராத்திரி அணைக்கிற வரை பின்னணியில் ஏதாவது ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், வேலை நடுவே டேப்களை மூடித் திறக்கிற பழக்கமும் இருக்கிறது என்றால் அது ஒத்துவராது. எந்த டேப்பில் பாட்டு ஓடுகிறது என்று பார்க்காமலே மூடிவிடுவோம். நிலையத்தின் பக்கத்தில் ஓடுகிற விளம்பர வீடியோ பாட்டைவிட அதிகமாக டேட்டாவைத் தின்னும். இன்னொரு சிக்கல் பலருக்குத் தெரியாது: சிறிய தமிழ் நிலையங்கள் பல இன்னமும் பாதுகாப்பில்லாத பழைய முகவரியில்தான் ஒலிபரப்புகின்றன, பக்கமோ பாதுகாப்பான முகவரியில் இருக்கும். 2020 முதல் குரோம் அப்படிக் கலந்து வருகிற ஒலியைத் தானே பாதுகாப்பான முகவரிக்கு மாற்றிப் பார்க்கிறது, அங்கே ஒன்றும் இல்லை என்றால் ஒலிக்காமல் விட்டுவிடுகிறது. நிலையம் செத்துப்போச்சு என்று நாம் நினைப்போம். அதே முகவரியை ஒரு பிளேயரில் ஒட்டினால் ஜோராகப் பாடும்.

சரி, பிளேயர்தான் என்று முடிவு செய்தாகிவிட்டது. எது? இதில் ஆளாளுக்கு ஒரு பெயர் சொல்வார்கள், அந்த பிளேயரில் ஆயிரக்கணக்கான நிலையம் இருக்கிறது, இதில் இன்னும் அதிகம் என்பார்கள். நிலையங்களின் எண்ணிக்கையை வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள் என்பதுதான் என் கட்சி. நாம் கேட்கப்போவது அஞ்சோ பத்தோ. நெட் அறுந்து திரும்ப வரும்போது பாட்டும் தானாகத் திரும்ப வருகிறதா, நாம் சேர்த்த லிங்குகள் நம் கையில் ஒரு கோப்பாக இருக்கிறதா இல்லை அந்த பிளேயரின் வயிற்றுக்குள் கிடக்கிறதா, இந்த இரண்டைப் பாருங்கள். அழகு, ஈக்வலைசர், ஸ்கின் எல்லாம் அதற்கப்புறம்.

நெட்டில் எதைக் கேட்பது என்பதையும் முதலில் யோசித்துக்கொள்வது நல்லது. புதுச்சேரியின் ரெயின்போ எஃப்எம் 102.8 கடலூரில் சாதாரண ரேடியோப்பெட்டியிலேயே எடுக்கும், அதை நெட்டில் கேட்பது செலவுக்குச் செலவு, தாமதத்துக்குத் தாமதம். பெட்டிக்கு எட்டாதவைக்குத்தான் நெட். சிங்கப்பூரின் ஒலி 96.8, மலேசியாவின் மின்னல், இலங்கைத் தமிழ் நிலையங்கள் ஒரு பக்கம். இருபத்துநாலு மணி நேரமும் சாஸ்திரீய இசை தருகிற ஆகாசவாணியின் ராகம் அலைவரிசை (2016 குடியரசு தினத்தன்று தொடங்கியது) இன்னொரு பக்கம். இது கடலூர், புதுச்சேரிப் பக்கம் என்பதால் மூன்றாவது பக்கமும் உண்டு: சொல்தா வீடுகள். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வூதியம் வாங்குகிறவர்கள், பிள்ளைகளைப் பாரீசிலும் துலூசிலும் வைத்திருப்பவர்கள், ஃபிரான்ஸ் அன்டேர், ஃபிப் என்ற பிரெஞ்சு நிலையங்களைக் கேட்காமல் இருக்க மாட்டார்கள். அவர்களுடைய காலைச் செய்தி நமக்குக் கோடையில் மூன்றரை மணி நேரமும் குளிர்காலத்தில் நாலரை மணி நேரமும் தள்ளி வரும், அதனால் இந்த வீடுகளில் பிரெஞ்சுக் காலைச் செய்தி முற்பகலில் ஓடும்.

டேட்டாவை நினைத்துப் பயப்பட வேண்டாம். 128 கேபிபிஎஸ் ஓடை (ஸ்ட்ரீம், அதாவது நெட்டில் ஓடிவரும் ஒலி) ஒன்று மணிக்கு ஏறக்குறைய 58 எம்பி எடுக்கும், 64 என்றால் அதில் பாதி. தினம் ஒன்றரை ஜிபி தருகிற போன் பிளானை ஹாட்ஸ்பாட் போட்டுக் கேட்டால்கூட 128 ஓடை ஒரு நாள் முழுக்கத் தாங்கும். யூடியூபில் பாட்டு நேரலையை ஓடவிட்டு ஸ்கிரீனை அணைத்துவைப்பவர்கள்தான் டேட்டா போச்சே என்று புலம்ப வேண்டியவர்கள். குறைந்த எண்ணைப் பார்த்து முகம் சுளிக்கவும் வேண்டாம், ஏஏசி பிளஸ் முறையில் வருகிற 64 கேபிபிஎஸ் ஓடை, பழைய எம்பி3 முறையில் வருகிற அதே அளவு ஓடையைவிடக் காதுக்கு எவ்வளவோ தெளிவு.

இப்போது கொஞ்சம் உள்ளே போகலாம், ஏனென்றால் எந்த பிளேயர் என்பதற்கான பாதி பதில் ஓடையின் வகையில்தான் இருக்கிறது. நெட் ரேடியோவில் இரண்டு சாதி. பழையது ஷவுட்காஸ்ட், ஐஸ்காஸ்ட் வகை. வினாம்ப் என்ற பழைய பிளேயரைச் செய்த நல்சாஃப்ட்காரர்கள் 90களின் கடைசியில் கொண்டுவந்தது ஷவுட்காஸ்ட், அதற்குத் திறந்த மூல மாற்றாக வந்தது ஐஸ்காஸ்ட். இதில் சர்வர் குழாயைத் திறந்த மாதிரி எம்பி3யோ ஏஏசியோ விடாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும், நடுநடுவே குறிப்பிட்ட பைட்டுக்கு ஒருமுறை பாட்டின் பெயரைச் சொருகும். உங்கள் பிளேயரில் பாட்டு மாறும்போது பெயரும் மாறுவது அதனால்தான். ஏறக்குறைய எல்லா பிளேயரும் இதைப் பாடும், 2002இல் வந்ததும் பாடும், நேற்று வந்ததும் பாடும்.

புதியது எச்எல்எஸ். ஆப்பிள் 2009இல் கொண்டுவந்தது. இதில் ஓடை என்று ஒன்று தொடர்ச்சியாக வருவதில்லை. சில வினாடித் துண்டுகளாக வெட்டி வைத்திருப்பார்கள், அந்தத் துண்டுகளின் பட்டியலை பிளேயர் மறுபடி மறுபடி கேட்டு வாங்கி ஒட்டி ஒலிக்கும். ஆகாசவாணியின் நேரலைகள் இந்த வகைதான். பிபிசியும் 2023இல் பழைய ஷவுட்காஸ்ட் ஓடைகளை மூடிவிட்டு இந்தப் பக்கம் வந்துவிட்டது, அதில் உலகம் முழுக்க எத்தனையோ பழைய நெட் ரேடியோப் பெட்டிகள் வாயடைத்துப் போயின. எச்எல்எஸ் எல்லா பிளேயரிலும் பாடும் என்று நம்ப முடியாது. விஎல்சியும், பின்னால் சொல்லப்போகிற எம்பிவியும் தயங்காமல் பாடும், மற்றவற்றில் பதிப்பையும் கூடச் சேர்த்த கோடெக்கையும் (ஒலியை விரித்துத் தருகிற துணை நிரல்) பொறுத்தது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். எம்3யூ8 என்ற பின்னொட்டு இரண்டு வேலைக்கு வருகிறது. நிலையங்களின் பட்டியலை யூனிகோடில் எழுதிச் சேமித்தாலும் எம்3யூ8தான், எச்எல்எஸ் துண்டுகளின் பட்டியலும் எம்3யூ8தான். சில பிளேயர்களில் எச்எல்எஸ் முகவரியை ஒட்டினால் அது துண்டுகளை எல்லாம் தனித்தனிப் பாட்டு என்று நினைத்து வரிசையாக அடுக்கி, நாலைந்து துண்டு பாடிவிட்டு நின்றுவிடும். அப்படி நடந்தால் லிங்கைத் திட்டாதீர்கள், அந்த பிளேயருக்கு எச்எல்எஸ் தெரியவில்லை, அவ்வளவுதான்.

முதலில் விஎல்சி. எல்லோரிடமும் ஏற்கெனவே இருக்கும், வீடியோ பார்க்க வைத்திருப்பார்கள். பாரீஸ் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் மாணவர்கள் 1996இல் தொடங்கிய வேலை அது. கன்ட்ரோல் என் அழுத்தினால் முகவரி ஒட்டுகிற பெட்டி வரும், ஒட்டி பிளே கொடுத்தால் பாடும். இடது பக்கப் பட்டியில் இன்டர்நெட் என்பதன் கீழே ஐஸ்காஸ்ட் டைரக்டரி இருக்கிறது, அதில் தமிழ் என்று தேடினால் சில கிடைக்கும், ஆனால் பாதி செத்த லிங்க், மீதி என்ன ஊர் என்றே தெரியாது. நான் அந்தப் பக்கம் போவதில்லை.

விஎல்சியின் பலம், தொட்டதையெல்லாம் பாடும் என்பது. எம்பி3, ஏஏசி, ஓபஸ், எச்எல்எஸ், எது வந்தாலும் சரி. பலவீனம், மறதி. நிலையங்களை வரிசையாகச் சேர்த்துவிட்டு மூடித் திறந்தால் பட்டியல் காலி. கன்ட்ரோல் ஒய் அழுத்திப் பட்டியலைக் கோப்பாகச் சேமித்துவைத்து, அடுத்த முறை அந்தக் கோப்பை இரட்டைக் கிளிக் செய்து திறக்க வேண்டும். பலரும் இதைக் குறையாகச் சொல்வார்கள். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது, ஏனென்றால் பட்டியல் முதல் நாளிலிருந்தே உங்கள் கையில் ஒரு கோப்பாக வந்துவிடுகிறது. பென்டிரைவில் போடலாம், வாட்ஸாப்பில் தங்கைக்கு அனுப்பலாம், நாளை பிளேயரையே மாற்றினாலும் கூட எடுத்துப் போகலாம்.

அந்தக் கோப்பை விஎல்சி இல்லாமல் நோட்பேடிலேயே எழுதிவிடலாம். வரிக்கு ஒரு முகவரி, எம்3யூ8 என்று பெயர் வைத்து, என்கோடிங் யூடிஎஃப்-8 என்று கொடுத்துச் சேமித்தால் முடிந்தது. முகவரிக்குப் பதிலாக நிலையத்தின் பெயர் தெரிய வேண்டுமென்றால் ஒவ்வொரு முகவரிக்கும் மேலே ஒரு வரி சேர்க்க வேண்டும்: எண் குறி, எக்ஸ்டிஇன்எஃப் என்ற ஆங்கிலப் பெரிய எழுத்துகள், முக்காற்புள்ளி, கழித்தல் ஒன்று, காற்புள்ளி, பெயர். பெயரைத் தமிழிலேயே எழுதலாம், விஎல்சியில் ஒழுங்காகத் தெரியும். கோப்பின் முதல் வரியில் எண் குறியோடு எக்ஸ்டிஎம்3யூ என்று இருக்க வேண்டும்.

அப்புறம் விஎல்சியில் இரண்டு அமைப்பை மாற்றியே ஆக வேண்டும். நெட்வொர்க் கேச்சிங், அதாவது எவ்வளவு நேரப் பாட்டை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்வது என்பது முதலில் 1000 மில்லிசெகண்டு, அதாவது ஒரு வினாடிதான் இருக்கும். நம்மூர் நெட்டுக்கு அது பத்தாது, வைஃபை கொஞ்சம் இருமினாலும் பாட்டு வெட்டும். பிரிஃபரன்சஸில் எல்லா அமைப்பையும் காட்டு என்பதைத் தேர்ந்து, இன்புட்/கோடெக்ஸ் பகுதியின் கீழே போய் 5000 அல்லது 10000 ஆக்கிவிடுங்கள். பாட்டு தொடங்கச் சில வினாடி அதிகமாகும், அதைத் தவிர நஷ்டம் இல்லை. இரண்டாவது, லூப். மோடம் அணைந்து வந்தால் ஓடை முடிந்துவிட்டது என்று விஎல்சி நினைத்துக்கொண்டு பட்டியலில் அடுத்த நிலையத்துக்குப் போகும், எல்லாம் முடிந்தால் நின்றுவிடும். ஒரே நிலையத்தைத் திரும்பப் போடுகிற லூப் பொத்தானை அழுத்திவைத்தால், அறுந்த ஓடையையே மறுபடி எட்டிப் பிடிக்கப் பார்க்கும். நெட் ரொம்ப நேரம் இல்லாவிட்டால் அதுவும் கைவிட்டுவிடலாம், ஆனால் சின்னச் சின்ன அறுப்புக்கு இது போதும்.

ஒரு இடைச்செருகல். 2022இல் பல மாதங்கள் விஎல்சியின் சொந்தத் தளமே இந்தியாவில் திறக்காமல் கிடந்தது, நவம்பரில்தான் தடை நீங்கியது. அந்தச் சமயத்தில் கண்ட கண்ட தளத்திலிருந்து இறக்கி நிறுவியவர்கள் அதை எடுத்துவிட்டு இப்போது வீடியோலேன் தளத்திலிருந்தே புதிதாக இறக்கிக்கொள்ளுங்கள்.

உபுண்டு லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ரிதம்பாக்ஸ் பெரும்பாலும் கூடவே வந்திருக்கும், குறைந்தபட்ச நிறுவல் என்றால் தனியாகப் போட்டுக்கொள்ள வேண்டும். இடது பக்கம் ரேடியோ என்று ஒரு வரி, அதில் ஆட் கொடுத்து முகவரியை ஒட்ட வேண்டும், பெயர் பிறகுதான் கேட்கும், வலது கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸில் போய் எழுத வேண்டும். அதற்கப்புறம் அது மறக்காது. உங்கள் பாட்டுச் சேமிப்பும் வானொலியும் ஒரே ஜன்னலில் இருக்கும், கீபோர்டின் பிளே பொத்தான் வேலை செய்யும், டெஸ்க்டாப் அறிவிப்பில் பாட்டின் பெயர் வரும். வீட்டிலிருந்து கணக்கு வேலை பார்க்கிற எனக்குத் தினப்படிக்கு இதுதான். ஆனால் பட்டியல் அதன் வயிற்றுக்குள் கிடக்கும் என்று மேலே சொன்னேனே, அதற்கு இது நல்ல உதாரணம்: சேர்த்த நிலையங்கள் எல்லாம் பாட்டுகளோடு சேர்த்து ஒரே எக்ஸ்எம்எல் கோப்பில், மறைந்த ஃபோல்டருக்குள் கிடக்கும். இயந்திரம் மாற்றும்போது அதை நினைவாக எடுத்தால்தான் உண்டு. ஆகவே ரிதம்பாக்ஸில் சேர்க்கிற ஒவ்வொரு லிங்கையும் அந்த எம்3யூ8 கோப்பிலும் எழுதிவைக்கிறேன். இரட்டை வேலைதான், வேறு வழியில்லை.

அதே லினக்ஸில் ஷார்ட்வேவ் என்று ஒன்று. முன்பிருந்த கிராடியோவின் வாரிசு. வானொலி மட்டும்தான், உங்கள் கையில் இருக்கிற எம்பி3 பாட்டை அது தொடாது. ரேடியோ பிரவுசர் என்ற பொதுப் பட்டியலோடு சேர்ந்து வருவதால் தமிழ் என்று தேடினால் நிறைய வரும். யார் வேண்டுமானாலும் நிலையம் சேர்க்கிற பட்டியல் அது, ஒரே நிலையம் நாலு பெயரில் இருக்கும், நாலில் ஒன்றுதான் பாடும். ஆனாலும் லிங்க் தேடத் தெரியாதவர்களுக்கு இதைவிட சுலபமானது லினக்ஸில் இல்லை. இன்னொரு வேடிக்கை, ஓடுகிற பாட்டைத் தானே பதிந்து வைத்துக்கொள்ளும், பிடித்தால் சேமிக்கலாம். இதற்கு நிலையம் பாட்டின் பெயரைச் சரியாக அனுப்ப வேண்டும், பெயர் மாறுகிற இடத்தில்தான் அது வெட்டும். நம் நிலையங்கள் பலவும் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் தங்கள் போன் நம்பரை நாள் முழுக்க அனுப்பிக்கொண்டிருக்கும். அங்கே இந்த வித்தை பலிக்காது.

பெயர் என்றதும் இன்னொன்று. சில நிலையங்கள் பாட்டின் பெயரைத் தமிழிலேயே அனுப்பும், சில பிளேயர் அதை யூனிகோடு என்று புரிந்துகொள்ளாமல் பழைய ஐரோப்பிய எழுத்துமுறையாகப் படிக்கும், அப்போது தலையில் கோடு போட்ட ஆங்கிலச் சின்ன ஏ எழுத்தும் வட்டத்துக்குள் ஆர் குறியும் மாறி மாறி வரிசையாக நிற்கும். வைரஸ் வந்துவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். ஒலிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

விண்டோஸ்காரர்களுக்கு ஃபூபார்2000. வினாம்பை உருவாக்கிய நல்சாஃப்டுக்கு முன்பு வேலை செய்து கொடுத்தவர் எழுதியது, 2002இலிருந்து இருக்கிறது. பார்க்க அலுவலகக் கோப்பு மாதிரி வறட்சியாக இருக்கும். கன்ட்ரோல் யூ அழுத்தி முகவரியை ஒட்டினால் பட்டியலில் சேர்ந்துவிடும், மூடித் திறந்தாலும் பட்டியல் அப்படியே இருக்கும், விட்ட இடத்திலிருந்து தானே ஒலிக்க வேண்டுமென்றாலும் பிளேபேக் மெனுவில் அதற்கு இடம் இருக்கிறது. பழைய கம்ப்யூட்டரிலும் துளி சுமை தெரியாது. தன் பாட்டுச் சேமிப்பை ஆல்பம், இசையமைப்பாளர், ஆண்டு என்று அடுக்கி வைத்திருக்கிற ஆசாமிக்கு இதைவிட நல்லது விண்டோஸில் எனக்குத் தெரியாது. வானொலி மட்டும் கேட்கிறவருக்கு இவ்வளவு வேண்டுமா என்றால், வேண்டாம்.

வினாம்ப்? ஆசை இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். ஏஓஎல் 1999இல் வாங்கி, 2014இல் கைமாறி, 2024இல் மூலநிரலை வெளியிட்டுக் கொஞ்ச நாளில் திரும்ப எடுத்துக்கொண்டு, இப்படியே அதன் கதை ஓடிக்கொண்டிருக்கிறது. நினைவுக்காகத் தவிர அதை நிறுவ இன்று காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. எய்ம்ப் அதே தோற்றத்தில் உயிரோடு இருக்கிறது, ஓடையைப் பதிவு செய்கிற வசதியும் உண்டு, வினாம்ப் பிரியர்கள் அங்கே போகலாம்.

ஸ்ட்ராபெர்ரி பற்றியும் கேட்பார்கள். அமரோக் என்ற பழைய லினக்ஸ் பிளேயரிலிருந்து பிரிந்தது கிளமென்டைன், அதிலிருந்து 2018இல் பிரிந்தது ஸ்ட்ராபெர்ரி. பாட்டுச் சேமிப்புக்கு அருமை. ரேடியோ பகுதியில் சோமாஎஃப்எம், ரேடியோ பாரடைஸ் இரண்டும் தயாராக இருக்கும், இரண்டுமே விளம்பரமில்லாத நல்ல நிலையங்கள்தான், ஆனால் தமிழுக்கு நீங்களே லிங்க் ஒட்ட வேண்டும். பாட்டுக்காக அதை வைத்திருந்தால் வானொலியையும் அதிலேயே கேளுங்கள், வானொலிக்காகத் தேடிப் போக வேண்டாம்.

2011இலிருந்து தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா மடிக்கணினி வீட்டில் தூசி பிடித்துக் கிடக்கிறதா? கடலூர் மாவட்டத்தில் அது இல்லாத தெரு இருக்காது. விண்டோஸ் அதில் மூச்சு முட்டும். இலேசான லினக்ஸ் ஒன்றைப் போட்டு ஆடேசியஸோ எம்பிவியோ வைத்தால் நாள் முழுக்கப் பாடுகிற ரேடியோப்பெட்டியாகிவிடும். ஆடேசியஸில் கன்ட்ரோல் எல், முகவரி, முடிந்தது. பழைய வினாம்ப் ஸ்கின்னும் அதில் ஏறும். பாட்டு மட்டும் என்றால் எம்பிவி பொதுவாக ஜன்னலே திறக்காது, டெர்மினலில் (கட்டளை எழுதுகிற திரையில்) அதன் பெயரை எழுதி எம்3யூ8 கோப்பின் பெயரையும் எழுதினால் பாடத் தொடங்கும், பெரிதெனும் குறி, சிறிதெனும் குறி இரண்டால் நிலையம் மாற்றலாம். டெர்மினலைக் கண்டு ஓடாதவர்களுக்கு, எச்எல்எஸ் உட்பட எதையும் பாடுகிற இதுதான் எல்லாவற்றிலும் இலேசு. வீட்டில் மற்றவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க முயன்றால் "பேசாம ஒரு ரேடியோ வாங்கித் தந்துடுப்பா" என்பார்கள், அதுவும் நியாயம்தான்.

கிரிக்கெட்டுக்காக நெட் ரேடியோ கேட்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். எச்எல்எஸில் துண்டு ஒன்று ஆறு வினாடி என்று வைத்துக்கொண்டால், பிளேயர் பொதுவாக மூன்று துண்டு பின்தங்கித்தான் தொடங்கும், அதுவே 18 வினாடி. சர்வர், பஃபர் எல்லாம் சேர்ந்தால் அரை நிமிடம்கூட ஆகும். எதிர்வீட்டில் காற்றலையில் கேட்கிறவர் விக்கெட் விழுந்ததென்று கத்தி முடித்தபிறகுதான் உங்கள் பிளேயரில் பந்துவீச்சாளர் ஓடிவரத் தொடங்குவார். கேச்சிங்கைக் குறைத்தால் கொஞ்சம் குறையும், ஆனால் வெட்டும். இரண்டில் ஒன்று. எந்த பிளேயர் மாற்றினாலும் இது தீராது.

யாருக்கு எது என்று என்னைக் கேட்டால் இப்படிச் சொல்வேன். திருப்பாதிரிப்புலியூரில் தையல் கடை வைத்திருக்கிற நண்பருக்கு, பில் போடுகிற அந்த விண்டோஸ் கம்ப்யூட்டரிலேயே விஎல்சி, பட்டியலில் மூன்றே நிலையம், லூப் போட்டது. அங்கே மெஷின் ஓடுகிற சத்தத்தில் யாரும் எழுந்து வந்து கிளிக் செய்யப் போவதில்லை, அறுந்தால் தானே திரும்ப வர வேண்டும். தோற்றம் யாருக்கும் தேவையில்லை.

முத்தியால்பேட்டையில் இருக்கிற எங்கள் பெரியப்பா மாதிரி ஆட்களுக்கும் விஎல்சிதான், ஆனால் காரணம் வேறு. காலையில் ஆகாசவாணி, அப்புறம் பிரெஞ்சுச் செய்தி, மதியம் ஃபிப். முதலாவது எச்எல்எஸ், மற்ற இரண்டும் பழைய வகை ஓடையாகவே கிடைக்கும், இரண்டு சாதியும் ஒரே இடத்தில் பாட வேண்டும் என்றால் விஎல்சியை விட்டால் அவருக்குத் தோதானது இல்லை. ஃபூபாரைக் காட்டினேன், "என்னடா இது பேங்க் கவுன்டர் மாதிரி இருக்கு, பொத்தானே காணோம்" என்றார். மூன்று நிலையத்துக்கும் மூன்று தனிக் கோப்பு செய்து, டெஸ்க்டாப்பில் பெரிய எழுத்தில் பெயர் வைத்து விட்டாகிவிட்டது. பட்டியலைத் திறந்து தேடுவதைவிடப் பெரியவர்களுக்கு இது எளிது. கம்ப்யூட்டர் போட்டவுடனே பாட வேண்டும் என்றால் ஒரு கோப்பின் குறுக்குவழியை விண்டோஸின் ஸ்டார்ட்அப் ஃபோல்டரில் போட்டுவிடலாம். நடுவில் நிறுத்த பாஸ் அழுத்த வேண்டாம், ஸ்டாப் அழுத்தச் சொல்லிவிடுங்கள். நேரலையை நீண்ட நேரம் பாஸில் வைத்தால் இணைப்பு செத்துவிடும், பிளே அழுத்தினால் அசையாது, உடனே உங்களுக்குத்தான் போன் வரும்.

பாட்டுச் சேமிப்பும் பெரிதாக வைத்திருக்கிறவர்கள் விண்டோஸ் என்றால் ஃபூபார், லினக்ஸ் என்றால் ரிதம்பாக்ஸ் அல்லது ஸ்ட்ராபெர்ரி. தேடிக் கேட்கிற ஆர்வம் மட்டும் உள்ளவர்கள் ஷார்ட்வேவ்.

இவை எதுவும் புயலுக்கு உதவாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தபிறகு கரண்ட் எத்தனை நாள் இல்லாமல் கிடந்தது என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. டவர் போனால் நெட் போகும், நெட் போனால் எந்த பிளேயரும் ஊமை. பேட்டரி போட்ட டிரான்சிஸ்டர் ஒன்று அலமாரியில் இருக்கட்டும்.

கடைசியாக லிங்க் எடுக்கிற வழி, ஏனென்றால் பிளேயரைத் தேர்ந்தபிறகு எல்லோரும் மாட்டிக்கொள்வது இங்கேதான். நிலையத்தின் பக்கத்தை பிரவுசரில் திறந்து, எஃப்12 அழுத்தி, நெட்வொர்க் பகுதியில் மீடியா என்பதைத் தேர்ந்துவிட்டு, பக்கத்தில் பிளே அழுத்துங்கள். பழைய வகை ஓடை என்றால் நீளமாக வளர்ந்துகொண்டே போகிற ஒரே வரி தெரியும், அதுதான் முகவரி, வலது கிளிக் செய்து காப்பி செய்துகொள்ளலாம். எச்எல்எஸ் என்றால் மீடியாவில் எதுவும் தெரியாமல் போகலாம், எல்லாவற்றையும் காட்டச் சொல்லி எம்3யூ8 என்று வடிகட்டுங்கள், முதலில் வருவதை எடுங்கள். முகவரியின் வாலில் கேள்விக்குறிக்குப் பிறகு டோக்கன் என்று நீளமான எழுத்துக் குவியல் இருந்தால், அதை வெட்டிவிட்டுப் பாடுகிறதா என்று பாருங்கள். பாடினால் அந்தச் சின்ன முகவரியைச் சேமியுங்கள். பாடவில்லை என்றால் அந்த லிங்க் சில மணி நேரத்தில் காலாவதியாகிவிடும், பட்டியலில் சேர்த்துப் பயனில்லை, அந்த ஒரு நிலையத்தை மட்டும் பழையபடி பிரவுசர் டேப்பிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.